மூன்று ரத்தும் ஒரு கடைசி நடையும்

ஒரு வண்டி ஏன் வரவில்லை என்பதற்கு என்னென்ன காரணம் சொல்லலாம் என்பது தனபாலுக்கு அத்துப்படி. அதில் பாதிக்கு மேல் அவரே சொன்னவை.

சேந்தமங்கலத்தில் புறப்பட்டு, காரவள்ளி வழியாக மலையேறி, வளப்பூர் நாடு வரை போய்வரும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். மீசை முளைத்த வயதில் கிளீனராக ஏறியவர், மீசை நரைத்த பிறகும் இறங்கவில்லை. சாயங்காலம் வளப்பூரிலிருந்து கீழே போய், பொழுது சாய்ந்ததும் காரவள்ளியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மறுபடி மலையேறுவது அந்த வண்டியின் கடைசி நடை. அதற்குக் கூட்டம் சேராது. மலைக்காரர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுகிறவர்கள். காலி வண்டியை எழுபது வளைவு இறக்கி ஏற்ற வேண்டுமா என்று டிரைவர் கதிர்வேல் கொட்டாவி விட ஆரம்பித்தால் தனபால் முதலாளிக்குப் போன் போடுவார்.

"பிரேக் ஒரு மாதிரி இருக்குதுங்க. இருட்டுல ரிஸ்க் எடுக்க வேண்டாமுங்க" என்பார்.

டீசல் மிச்சம் என்று முதலாளிக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். பிரேக் இல்லாவிட்டால் கிளட்ச். கிளட்ச் இல்லாவிட்டால் டயர். மழைக்காலத்தில் மழை இருக்கிறது, மார்கழியில் பனி இருக்கிறது. ஒரே காரணத்தை அடுத்தடுத்த வாரம் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் அவர் ரொம்பக் கறார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் வந்து, பெற்ற மகளாகவே இருந்தாலும், "விமானம் ரத்தாயிருச்சுங்கப்பா" என்றால் அவர் எப்படி நம்புவார்?

கௌசிகா அவருக்கு ஒரே பிள்ளை. டெல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதே மலையில் இன்னொரு ஊர்த்தொகுதியான குண்டூர் நாட்டு அர்த்தனாரி தன் மகன் கார்த்திக்கு அவளைக் கேட்டிருந்தார். பையன் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நாமக்கல் பக்கம் வேலையில் இருந்தான். குடும்பமும் பழக்கமான குடும்பம். போட்டோவைப் பார்த்துவிட்டுக் கௌசிகாவும், "வரச் சொல்லுங்கப்பா, பாக்கலாம்" என்றாள். அவள் குரலில் ஒரு சிரிப்பு இருந்ததாகத் தனபாலின் மனைவி கண்ணாயி சொன்னாள். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவது என்று பேச்சாயிற்று.

அர்த்தனாரி வீட்டில் ஒரு வழக்கம். பெண் வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்ணே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதை வாங்கிக் குடித்த பிறகுதான் மற்றதெல்லாம். பெண் இல்லையென்றால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். முதல் தடவை அவள் வர முடியாமல் போனபோது, போனில் முகத்தைக் காட்டிப் பேசிவிடலாமே என்று தனபால் சொல்லிப் பார்த்தார். "போனுக்குள்ள இருந்து சொம்பு வெளிய வருமுங்களா?" என்று கேட்டுவிட்டாள் அர்த்தனாரியின் மனைவி.

அந்த முதல் தடவைக்குக் காரணம் மூடுபனி. சனிக்கிழமை விடியற்காலை டெல்லியில் ஏறிப் பெங்களூரில் இறங்கினால், அங்கிருந்து பஸ் பிடித்துப் பொழுதுக்குள் மலைக்கு வந்துவிடலாம். நைட் டூட்டி முடித்து நேராகப் போக வசதி என்று அவள் எப்போதும் அந்த விமானத்துக்குத்தான் டிக்கெட் எடுப்பாள். அன்றைக்கு ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

"சரி கண்ணு, பரவாயில்லை. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் தனபால். பக்கத்தில் நின்ற கண்ணாயி போனைப் பிடுங்கி, இதெல்லாம் ஒரு காரணமா, நாலு பேருக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு பாட்டம் தீர்த்தாள். அது கண்ணாயியின் சுபாவம். மனதில் பட்டதைக் கொட்டிவிட்டுச் சோற்றுப் பானையைப் பார்க்கப் போய்விடுவாள். தனபால் அப்படியில்லை. வாயில் "சரி கண்ணு" வரும்போதே உள்ளே ஒரு புழு நெளிய ஆரம்பித்திருக்கும்.

அன்றைக்குக் காலை மலையிலும் பனிதான். கதிர்வேல் மஞ்சள் லைட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு வண்டியை இறக்கினான். ஒரு வளைவில் மாடு படுத்திருந்தது. இன்னொன்றில் மரம் ஏற்றிய லாரி முட்டுகிற மாதிரி வந்து நின்றது. படியில் தொங்கிக்கொண்டு "ரைட்ல வா, வா, வா" என்று வழி சொன்ன தனபாலுக்கு யோசனை மேலே போயிற்று. ஆகாயத்தில் வளைவு உண்டா, மாடு உண்டா? இந்தத் தகர டப்பாவே போகிறபோது அத்தனை பெரிய விமானத்துக்குப் பனி என்ன செய்துவிடும்? போதாததற்கு, பனி என்பது அவரே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன காரணம்.

இரண்டாவது தடவை இயந்திரக் கோளாறு. விமானத்தில் ஏற்றி உட்கார வைத்து, வெகுநேரம் கழித்து இறக்கிவிட்டார்களாம். வேறு விமானம் இல்லையாம்.

"அப்ப இப்ப எங்க கண்ணு இருக்கற?"

"ஹோட்டல்லீங்கப்பா. அவங்களே ரூம் போட்டுக் குடுத்துட்டாங்க. சாப்பாடும் அவங்களுதே."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஓர் ஆண் குரல் இந்தியில் ஏதோ சொன்னது. உடனே ஒரு சிரிப்பு. அவளும் சிரித்தாள்.

தனபாலின் இத்தனை வருஷத்தில் எத்தனை நடை நின்றிருக்கிறது? நின்றுபோன வண்டியின் பயணிக்கு அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததுண்டா? டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுப்பதற்கே முகத்தைச் சுளிப்பார். ரத்துப் பண்ணியவனே ஹோட்டலில் ரூம் போட்டுச் சோறும் போடுவானாம். காதில் பூச்சுற்ற வேறு ஆள் கிடைக்கவில்லையா இந்தப் பிள்ளைக்கு என்று நினைத்தார். ஆனால் போனில் வந்தது வழக்கமான, "சரி கண்ணு, பாத்து இரு" மட்டும்தான்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் யாரையாவது விரும்புகிறாள் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். கண்ணாயி பத்து நாள் கத்துவாள், பதினோராம் நாள் அடங்கிவிடுவாள். பொய் எதற்கு? அதுவும் தன்னிடம், தான் அன்றாடம் சொல்லும் அதே பொய் எதற்கு? மகள் டிமிக்கி கொடுக்கிறாள் என்பதைவிட, தன்னை ஏமாளி என்று நினைத்துவிட்டாள் என்பதுதான் அவரைப் போட்டு அரித்தது.

வங்கியில் வேலை பார்க்கும் சங்கீதாவிடம் ஒரு நாள் கேட்டார். அவள் வளப்பூர்ப் பெண். தினமும் சேந்தமங்கலம் போய்விட்டுக் கடைசி நடையில் திரும்புகிறவள். அந்த நடை நின்றால் முதலில் தவிப்பதும் அவள்தான்.

"ஏம்மா, இந்த விமானமெல்லாம் நூத்துக்கு எத்தனை ரத்தாகுதுன்னு உன்ற போன்ல பாக்க முடியுமா?"

"எதுக்குங்கண்ணா?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிறவர் டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாரா? சங்கீதா ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டு தேடிப் பார்த்தாள்.

"நம்ம நாட்டுக்குள்ள ஓடறதுல நூத்துக்கு ஒண்ணு, சில மாசம் கொஞ்சம் கூடங்கண்ணா. காரணமும் போட்டிருக்குது. வானிலை, கோளாறு, ஆள் பத்தாதது, இப்படி."

நூற்றில் ஒன்று. தனபால் மனதுக்குள் போட்டுப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது பேர் ஊர் போய்ச் சேர்கிறார்கள். அந்த நூறாவது ஆள் எப்போது பார்த்தாலும் தன் மகளாகவே இருப்பாளா? அவர் முகம் இறுகுவதைப் பார்த்துவிட்டுச் சங்கீதாவே மேலே சொன்னாள்.

"ஆனா இது எல்லா ஊரும் எல்லா மாசமும் கலந்த கணக்குங்க. டெல்லியில தை மாசம் வெடியக்காலம் கிளம்பற விமானத்துக்கு இந்தக் கணக்கு ஆகாது. நம்ம வண்டியையே எடுத்துக்கங்க. வருசத்துல ஓடற நடையில நிக்கிறது கொஞ்சந்தான். ஆனா நிக்கிறதெல்லாம் கடைசி நடை. காலையில போறவங்களைக் கேட்டா தனபால் அண்ணன் வண்டி நின்னதே இல்லைம்பாங்க. என்னைக் கேட்டால்ல தெரியும்."

முதல் பாதி தனபாலின் காதில் ஏறவில்லை. பின் பாதி நன்றாகவே ஏறியது. தன்னைக் குத்திக் காட்டுகிறாள் என்று தோன்றியதும் விசிலை ஊதிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். நூற்றுக்கு ஒன்று என்பதை மட்டும் மடியில் முடிந்துகொண்டார்.

அர்த்தனாரி நிதானமான மனிதர். இரண்டாவது தடவையும் நின்றுபோனதற்கு அவர் கோபப்படவில்லை. "மாசியில ஒரு ஞாயித்துக்கிழமை வாரோமுங்க. அன்னைக்கும் புள்ளை இல்லைன்னா, அதுக்கு மேல பேசறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது தடவைக்குக் கௌசிகா கூடுதலாக ஒரு நாள் லீவு போட்டாள். "சனிக்கிழமை வேண்டாங்கப்பா, வெள்ளிக்கிழமையே கிளம்பிடறேன். ஏதாச்சும் ஆனாலும் ஒரு நாள் கையில இருக்குமில்லீங்க" என்றாள். நம்பிக்கை வருவதற்குப் பதிலாகத் தனபாலுக்கு அதிலும் ஒரு நெருடல். ஏதாவது ஆகும் என்று இவளுக்கு எப்படி முன்னாலேயே தெரியும்?

வெள்ளிக்கிழமை மதியம் வண்டி சேந்தமங்கலத்தில் நின்றிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, ரத்தாயிருச்சுங்கப்பா." அவள் குரல் கரகரத்தது. "முந்துன ஊர்லருந்தே விமானம் லேட்டா வந்துச்சு. அதுக்குள்ள பைலட்டுக்கு டூட்டி நேரம் முடிஞ்சிருச்சாம். அதுக்கு மேல ஓட்டக் கூடாதாம். வேற ஆளும் இல்லையாம்…"

தனபால் திரும்பிக் கதிர்வேலைப் பார்த்தார். கோழி கூவும் முன் ஸ்டியரிங்கைப் பிடித்தவன், டீக்கடை பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு தடவை மலை ஏறி இறங்க வேண்டும். அவனிடம் யாராவது டூட்டி நேரம் முடிந்ததா என்று கேட்டார்களா? பனி, ரிப்பேர், ஆள் இல்லை. தன் சரக்கு மொத்தத்தையும் வரிசையாகத் தன்னிடமே விற்றுவிட்டாள் என்று தோன்றியது. நெஞ்சு வலித்தது அவருக்கு. கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

"ஆனா நான் என்ன பண்ணலாம்னு இருக்கறேன்னா…" என்று அவள் ஆரம்பித்தாள்.

"சரி கண்ணு" என்று போனை வைத்துவிட்டார். வைத்தது மட்டுமில்லை, அணைத்தும் விட்டார். கண்ணாயியின் போனுக்கு வீட்டுக்குள் டவர் கிடைக்காது. ஆகவே அந்த வீட்டுக்கும் டெல்லிக்கும் இருந்த ஒரே வழியை அவரே அடைத்தாயிற்று.

சனிக்கிழமை மனிதருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. மீதிச் சில்லறையை இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்தார். கண்டக்டரான நாளிலிருந்து நடக்காத காரியம் அது. சாயங்காலம் வளப்பூரில் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது முடிவுக்கு வந்துவிட்டார். நாளைக் காலை அர்த்தனாரி குடும்பம் வண்டி பிடித்துக் கிளம்பி, வாசலில் நின்று, இல்லாத பெண்ணுக்காகத் திரும்பிப் போவதைவிட, இன்றைக்கே போய் நேரில் சொல்லிவிடுவது மரியாதை. சம்பந்தம் பேசிய காரியத்தை முடிப்பதென்றால் அவர்கள் வாசலில் நின்றுதான் முடிக்க வேண்டும், போனில் சொல்லக் கூடாது. அதில் அவர் கறார்தான்.

கீழே போக மூன்று பேர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். குச்சிக்கிழங்கு மூட்டையோடு சென்னம்மாள், யாரோ புருஷன் பெண்டாட்டி இருவர்.

"இறங்குங்க சாமி. வண்டி ரிப்பேரு. இன்னைக்குக் கடைசி நடை இல்லை" என்றார் தனபால்.

"இப்பத்தான நல்லா ஓடி வந்துச்சு" என்றாள் சென்னம்மாள்.

"பிரேக்கு. வரும்போது நல்லாத்தான் இருக்கும், போகும்போதுதான் தெரியும்."

சென்னம்மாள் மூட்டையை இறக்கிக்கொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தாள். கண்டக்டர் சொல்வதை நம்பாத பார்வை அவருக்குப் புதிதில்லை. அவள் மறைந்ததும் கதிர்வேலிடம், "குண்டூர்ப் பக்கம் ஓட்டுடா" என்றார். அவன் முதலாளியைப் பற்றி ஏதோ முனகினான். பிறகு ஓட்டினான்.

அர்த்தனாரி வாசலில் படுதா விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். பொழுது இறங்குவதற்குள் அள்ளிவிட வேண்டுமென்று அவர் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு எதிரேயே ரோட்டோரம் பஸ் வந்து நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். தனபால் வாங்கவில்லை.

"நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க" என்றார்.

"ஏனுங்க, மறுபடியும் விமானமுங்களா?"

"விமானமெல்லாம் சாக்குங்க. புள்ளைக்கு அங்க வேற நெனப்பு இருக்குது போலிருக்குதுங்க. மூணு தடவை, மூணு காரணம். எம்புள்ளை பேச்சை நானே நம்பல. உங்களை நம்பச் சொன்னா அது தப்புங்க."

சொல்லி முடித்ததும் ஏதோ பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை. ஊரறிய மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாயிற்று. இனி அதைத் திரும்ப வாங்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அர்த்தனாரி கையில் ஒட்டிய மிளகைத் தட்டினார். "அந்தப் புள்ளை வாயால அப்படிச் சொல்லுச்சுங்களா?"

"சொல்லோணுமாங்க? வண்டி வராததுக்குச் சொல்ற காரணத்தைப் பத்தி என்னைவிட யாருக்குங்க தெரியும்?"

அப்போது கதிர்வேல் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வந்தான். கையில் அவனுடைய போன்.

"அண்ணா, கௌசிகா. உங்க போன் ஆஃப்ல இருக்குதாமா."

தனபால் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"அப்பா, நேத்துலருந்து அடிச்சுட்டே இருக்கறேன், போனுக்கு என்னாச்சுங்கப்பா? காளியாத்தா அக்காகிட்டத்தான் கதிர்வேல் சித்தப்பா நம்பர் வாங்குனேன். நான் காரவள்ளியில இருக்கறேனுங்கப்பா, அக்கா கடை முன்னால. நம்ம வண்டி இன்னும் வரலையே."

"எந்தக் காரவள்ளி?" என்று கேட்டார் தனபால்.

டெல்லியில் ஒரு காரவள்ளி இருக்கிற மாதிரி. அவள் சிரித்துவிட்டாள். "எத்தனை காரவள்ளிங்கப்பா இருக்குது? அந்த விமானம் போனா போகுதுன்னு ஹைதராபாத் வரைக்கும் வேற ஒண்ணுல வந்து, அங்கருந்து பஸ்ல சேலம் வந்துட்டேன். கடைசி நடைக்கு வந்துட்டாப் போதும், அப்புறம் அப்பா வண்டிதானேன்னு ஓடி வந்தேன். இங்க இன்னும் நாலஞ்சு பேர் நிக்கிறாங்க. வண்டிக்கு என்னாச்சுங்கப்பா?"

அவருக்குப் பின்னால் வண்டி நின்றது. எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை. எதிரே அர்த்தனாரியும் அவர் மனைவியும் நின்றார்கள். தனபாலின் வாய் அதுவாகவே திறந்தது. இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"பிரேக் ஒரு மாதிரி இருக்குது கண்ணு."

"அப்படிங்களா? அவசரப்படாதீங்கப்பா. நல்லா சரி பண்ணிட்டு, பாத்து வாங்க. எவ்வளவு நேரமானாலும் நான் இங்கயே இருக்கறேன்."

அவ்வளவுதான். என்ன பிரேக், எப்போது போயிற்று, நிஜமாகவா என்று ஒரு கேள்வி கிடையாது. அப்பா சொன்னார், அவள் நம்பிவிட்டாள். இரண்டு மாதமாக அவர் சொல்லிவந்த "சரி கண்ணு"வுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பது அந்த வாசலில் நின்றபோது அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. படுதாவில் கிடந்த மிளகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிரேக் போன வண்டியிலயா இந்த மேடெல்லாம் ஏறி எங்க ஊட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார் அர்த்தனாரி. கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"தப்புத்தானுங்க" என்றார் தனபால்.

"போயிப் புள்ளையைக் கூட்டியாங்க. நாளைக்கு நாங்க தண்ணி குடிக்க வாரதா வேண்டாமான்னு அதுகிட்டயே கேட்டுக்கறோம். உங்ககிட்டக் கேக்கறதா இல்லீங்க."

கதிர்வேல் அன்றைக்கு வண்டியை இறக்கிய வேகத்தில் ஒரு தடவைகூட இறக்கியதில்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த தனபாலின் காதில் அவள் சொன்ன "அப்பா வண்டிதானே" ஒலித்துக்கொண்டே வந்தது.

காரவள்ளியில் காளியாத்தாள் கடை பல்பு எரிந்துகொண்டிருந்தது. நின்றிருந்தவர்களில் சங்கீதாவும் ஒருத்தி. தனபாலைப் பார்த்து, "இன்னைக்கு என்ன காரணமுங்கண்ணா?" என்று கேட்க வாயெடுத்தவள் கௌசிகாவைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டு ஏறினாள். கௌசிகா இளைத்திருந்தாள். கண் சிவந்து, பின்னல் அவிழ்ந்து, முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. அப்பாவைப் பார்த்ததும் அந்தக் களைத்த முகம் முழுக்கச் சிரித்தது. தனபால் பைகளை வாங்கிக்கொண்டார். எப்போதும் பயணிகளின் மூட்டையை அவர் தொட்டதே கிடையாது.

வண்டி மலையேறத் தொடங்கியது. அவள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் நின்றார்.

"அன்னைக்கு ஹோட்டல்லருந்து பேசும்போது ஒரே சிரிப்பா இருந்துச்சே, என்ன கண்ணு?" என்று கேட்டுவிட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுங்களா? எங்க கூட ரத்தான ஒரு தாத்தா. கல்யாணத்துக்குக் கொண்டுபோன மாலை வாடிப் போகுதுன்னு, அதை விமான நேரம் போடற போர்டுக்குப் போட்டுக் கும்பிட்டுட்டு வந்தேன்னார். ஹோட்டலே சிரிச்சுது." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. "அம்மா கடைசி வரைக்கும் நம்பலீங்கப்பா. ஆஸ்பத்திரியில கூட வேலை பாக்கறவங்களே நம்பல, மூணு தடவையுமான்னு கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் எதுக்கு ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம 'சரி கண்ணு'ன்னீங்க. அதுக்காகத்தான் எப்படியாச்சும் வந்துரோணும்னு வந்தேன்."

தனபால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். விசில் வாயில் இருந்தது. ஊதத் தெரியவில்லை.

அவள் முன்னால் குனிந்தாள். "சித்தப்பா, பிரேக் சரியாப் போச்சுங்களா? வளைவுல பாத்துப் போங்க."

கதிர்வேல் கண்ணாடியில் தனபாலைப் பார்த்தான். "அது… ஆயில் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு சாமி" என்றான். விசுவாசமான டிரைவர். இன்னும் நாலு காரணம் கேட்டாலும் சொல்லியிருப்பான்.

"அதெல்லாம் இல்லை கண்ணு" என்றார் தனபால். பின் சீட்டில் சங்கீதா நிமிர்ந்து உட்காருவது அவருக்குத் தெரிந்தது. தெரியட்டும் என்று இருந்தது. "பிரேக்குக்கு ஒண்ணும் இல்லை. ஆளு வராதுன்னு நான்தான் நடையை நிறுத்திட்டேன்."

வண்டி ஒரு வளைவு திரும்பியது. கீழே காரவள்ளி விளக்குகள் மறைந்தன. கௌசிகா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் எந்த ஆளைச் சொல்கிறார் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"நான் வந்துட்டேதானேங்கப்பா இருந்தேன்" என்றாள்.